சாவு வீட்டில் ஒரு தமிழ் வகுப்பு

தொண்ணூறுகளின் நடுவில், பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. பெரியவர்கள் என்றால் மலாக்கா நகரத்துச் செட்டி சமூகத்தார். பல தலைமுறைக்கு முன்னால் கடல் தாண்டி வந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய். சாமி கும்பிடுவதிலும் முன்னோருக்குப் படையல் போடுவதிலும் ரப்பர் தோட்டத்து ஆட்களான எங்களுக்கே அவர்கள் பாடம் நடத்தலாம். மொழி மட்டும் கைநழுவிப் போயிருந்தது.

கோயில் மண்டபத்தில் கரும்பலகை வைத்து 'அ' எழுதிப் பார்த்தேன். ஐம்பது வயதுக்காரர்கள் அணிலுக்கும் ஆட்டுக்கும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போதே மலாய்க்குத் திரும்பினார்கள். எனக்குப் பொறுமை குறைவு. பலகையை மூலையில் சாத்திவிட்டு, "இனிமே ஞாயித்துக்கிழமை எங்க தோட்டத்துக்கு வாங்க" என்றேன்.

லூபோக் சீனாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில்தான் என் அம்மா அப்பா இருந்தார்கள். வேனை விட்டு இறங்கினால் மலாய் கிடையாது என்பதுதான் சட்டம். கோழி கழுவ, தேங்காய் துருவ, கோயில் பாத்திரம் விளக்க, எதுவானாலும் தமிழில் கேட்டால்தான் கைக்கு வரும். என் அம்மா இதில் என்னைவிடக் கொடுமை. மலாயில் உப்பு கேட்டால் காது கேட்காதவள் மாதிரி நிற்பாள். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அங்கிள் முதல் வாரம் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்தார். அடுத்த வாரம் அவர் வாயில் உப்பு, புளி, மிளகாய் எல்லாம் தானாக வந்தன.

அந்தக் கூட்டத்தில் ஓர் அக்கா இருந்தார். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. தோட்டத்துத் தமிழர் ஒருவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டவர். மாமியார் எங்களுக்கு அடுத்த தோட்டத்தில் இளைய மகனோடு இருந்தார். "தமிழ் பேசத் தெரியாதவளோட எனக்கென்னா பேச்சு" என்று கல்யாணத்தன்று சொன்ன மாமியார், முப்பது வருடமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றி வந்தார். சாவதற்குள் அத்தை தன்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும், அதற்காகத்தான் தமிழ் படிக்க வந்ததாக அக்கா முதல் நாளே மலாயில் என்னிடம் சொன்னார்.

ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு முடிந்து அக்கா அந்த வீட்டுக்குப் போவார். புதிதாகக் கற்றதைச் சொல்வார். கிழவி வெற்றிலையை மென்றபடி மகனிடம் ஏதாவது கேட்பார். மருமகளைப் பார்க்க மாட்டார்.

"அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும்டி" என்றாள் என் அம்மா.

"அம்மி நகரும். அந்தக் கெழவி நகராது" என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா மட்டும் நிதானமாக, "அடுத்த வாரம் பேசுவாங்க லா, சிக்கு" என்றார். மலாய்ப் பள்ளிப் பழக்கத்தில் வாத்தியாரை அவர்கள் சிக்கு என்றே அழைத்தார்கள்.

ஒரு ஞாயிறு எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே ஒரு சாவு விழுந்தது. வகுப்பை நிறுத்தலாம் என்றேன். "சாவு வீட்டுக்குப் போகாம என்னா தமிழு?" என்றாள் அம்மா. போனோம். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். செத்த மனுஷனின் மனைவி, அவர் குடித்ததையும் அடித்ததையும் வரிசையாகச் சொல்லி அழுதாள். அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"செத்தவங்கள ஏசலாமா, சிக்கு?"

"இன்னிக்கு ஏசலாம். யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

கிளம்பும்போது தபால்கார அங்கிள் கைகூப்பி, நான் பழக்கியபடியே, "போயிட்டு வரேன்" என்றார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது. செத்தவரின் அண்ணன்தான் சமாளித்தார். "வாங்கய்யா. அடுத்தது நாந்தான்." அழுதுகொண்டிருந்த பெண்களில் சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து மாமியார் இறந்துபோனார். கடைசிவரை பேசவில்லை.

நானும் போனேன். பேசத் தெரியாத மருமகள் எப்படி அழப்போகிறாள் என்று பார்க்கவே சிலர் வந்திருந்தார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அக்கா நேராகப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தார். முதலில் சத்தம் மட்டும் வந்தது. பிறகு வார்த்தை வந்தது.

"முப்பது வருசம் ஒன் வாசல்ல நின்னேனே, வாடின்னு ஒரு வார்த்த சொன்னியா? பேசத் தெரியாதப்ப பேசல, சரி. தெரிஞ்சப்புறமும் பேசலியே, அத்தே. நா என்னா பாவம் பண்ணேன்?"

ராகம் சரியில்லை. நான் சொல்லிக்கொடுத்த 'நீங்க' எங்கோ போய்விட்டிருந்தது. பெண்கள் நகர்ந்து இடம் விட்டு அவரை வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். கிழவியின் பக்கத்து வீட்டுக்காரி அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஒப்பாரியிலேயே பிணத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஞாயித்துக்கெழம ஆனா தல சீவி உக்காந்திருப்பியே. மருமக சொன்னத ராத்திரி பூரா எங்ககிட்ட சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவியே, தாயி."

அதைக் கேட்டு அக்கா சமாதானமாகிவிடுவார் என்று நினைத்தேன். ஆகவில்லை. பிணத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஊருக்கெல்லாம் சொன்னியே. எனக்குச் சொன்னியா? எனக்குச் சொன்னியா, அத்தே?"

எடுக்க நேரமாயிற்று என்று வெளியே ஆண்கள் குரல் கொடுத்தார்கள். பெண்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. அக்கா கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தோம்.