சோறு வருமென்று காத்திருந்த மதியம்

இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்த அலுவலருக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும் என்பது விதி. முடியாவிட்டால் தாமதத்துக்கான காரணத்தையாவது அறிவிக்கவேண்டும். இந்த விதியைக் கொழும்புத் திணைக்களமொன்றில் நியமனம், இடமாற்றம் பார்க்கும் தாபனக் கிளையில் இருந்துகொண்டு பலருக்கு விளக்கியவன் நான். 1984 பங்குனியில் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு நானே விண்ணப்பித்தேன். ஆனி பிறந்த பிறகும் பதிலும் இல்லை, காரணமும் இல்லை.

மனைவி உரும்பிராயில் தனியாக இருந்தாள். ஆவணியில் முதற்பிள்ளை. முந்தின ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் நான் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று எழுந்துபோய்ப் பார்க்கிறவனாகியிருந்தேன். யாழ்ப்பாணத்திலோ ஊரடங்கு எப்போது வருமென்று ஒருவருக்கும் தெரியாது. மாதத்துக்கு இருமுறை ரயிலேறிப் போய், விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது என்று விளக்குவேன். அவள் பொறுமையாகக் கேட்பாள். ஒருமுறை மட்டும் கேட்டாள்: "பிள்ளைநோ வந்தால் உங்கடை சுற்றறிக்கையே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போகுது?"

என் விண்ணப்பக் கோவை கடைசியாக அமைச்சின் உதவிச் செயலாளரிடம் போய் நின்றது. வல்வெட்டித்துறைக்காரர், கொழும்பில் முப்பது வருடம். ஒரு காரியமாகச் சந்திக்கவேண்டும் என்று சொல்லியனுப்பினேன். அடுத்த புதன்கிழமை மதியம் காலி வீதியில் உள்ள சீனக் கடைக்கு வரச் சொன்னார். கோவையைக் கையில் வைத்திருப்பவரைத் தனியே சந்திக்கக்கூடாது என்பதற்கும் ஒரு விதி உண்டு. அதுவும் எனக்கு மனப்பாடம். போனேன்.

அவர் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததால் வாசலைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பக்கத்து மேசையில் ஆள் வந்தமர்ந்ததும் தமிழைத் தணித்துக்கொண்டேன். அவர் தணிக்கவில்லை. மூங்கில் கூடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. மூடியைத் திறந்தால் புட்டு அவிக்கும்போது எழுகிற அதே ஆவி. உள்ளே மோதகம் போல மடித்த மா, உள்ளிருக்கும் இறால் தெரியும் அளவுக்கு மெல்லியது. இன்னொரு கூடையில் வெள்ளை உருண்டைகள். பன்றி என்றார். அதை அவர் பக்கம் நகர்த்தினேன். இதற்குப் பெயர் டிம் சம் என்றும், தங்கள் ஊர் இறாலை இவர்களிடம் கொடுத்தால் இதைவிட நன்றாக வருமென்றும் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் ஒரு காரியமாகப் போகிறவனைச் சாப்பிடச் சொன்னால், அவன் சாப்பிட்டுக் கை கழுவும்வரை காரியத்தை எடுக்கமாட்டான். எடுத்தால் அவசரக்காரன், வளர்ப்புச் சரியில்லை. நான் வளர்ப்புச் சரியான பிள்ளை. சொல்லவேண்டியதை மனதில் ஒழுங்குபடுத்தினேன்: விண்ணப்பத் திகதி, மனைவியின் நிலை, யாழ்ப்பாணத்தில் உள்ள வெற்றிடம். சோறு வரட்டும், சாப்பிட்டு முடியட்டும் என்று இருந்தேன். சோற்றுக்கு இடம் வேண்டுமென்று இரண்டு இறால் மோதகத்தோடு நிறுத்தியும் கொண்டேன். அவர் கடலைப் பற்றியும் பாய்க்கப்பல்களைப் பற்றியும் கதைத்தார். கூடைகள் வந்தன, போயின. ஒரு பெண் கேட்காமலே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வீதியில் இராணுவ லொறி ஒன்று வேகம் குறைந்து மீண்டும் வேகமெடுத்தது.

சூடான ஈரத் துவாய் வந்தது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சேர், சோறு இன்னும் வரேல்லை," என்றேன்.

"உதுதான் தம்பி சாப்பாடு. சோறு வேணுமெண்டால் முதலே சொல்லியிருக்கலாமே?"

வெளியே கார் நின்றது. சாரதிக்கு முன்னால் இடமாற்றம் கதைக்க முடியாது. ஏறும்போது, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். ஓம் சேர், சுகம் என்றேன். அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் வேறு பதில் கிடையாது.

மூன்று கிழமை கழித்து அமைச்சின் படிக்கட்டில் அவரை மறித்து, காரியத்தை நின்ற நிலையிலேயே சொன்னேன். அவருக்கு உண்மையாகவே மனம் வருந்தியது.

"அண்டைக்குக் கோவையை வாசிச்சுப்போட்டுத்தான் வந்தனான். நீர் வாயே திறக்கேல்லை. வீட்டிலையும் சுகமெண்டீர். காரியம் உம்முடையது, நீரெல்லோ எடுக்கவேணும்? அவசரமில்லையாக்குமெண்டு ஆண்டிறுதி மாற்றங்களோடை சேர்த்து விட்டிட்டன்."

திருப்பி எடுக்கலாம் என்றார். ஆனால் அதற்கென்று ஒரு நடைமுறை இருந்தது. அந்த நடைமுறையையும் நான் அறிவேன். ஆண்டிறுதிக் கட்டிலிருந்து ஒரு கோவையைப் பிரிக்க மூன்று பேர் ஒப்பமிடவேண்டும். அவர்களில் ஒருவர் லீவில் இருந்தார்.

ஆவணியில் ஊரடங்குக்குள் அவளுக்கு நோ கண்டது. அயல்வீட்டுக்காரர் தன் காரில் வெள்ளைத் துணி கட்டி அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில் இரண்டு இடங்களில் இராணுவத்தினர் இறக்கி நிறுத்திச் சோதித்தார்களாம். பெண் பிள்ளை. தந்தி என் கைக்கு வர, பிள்ளைக்கு நாலு நாள்.

பிறகு லீவு எடுத்துக்கொண்டு ஊரில் நின்றேன். பிள்ளை பிறந்த துடக்குக் கழித்து, ஐயர் தண்ணீர் தெளித்துவிட்டுப் போன பிறகு தபாற்காரன் வந்தான். மனைவி பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். பதிவுத் தபாலைப் பிரித்து, இடமாற்றம் கிடைத்துவிட்டது என்றேன்.

"ஆருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டாள்.

பதில் கைக்குக் கிடைத்த திகதியைக் கடிதத்தின் மேல்மூலையில் குறித்தேன். பெறப்பட்டது: 1984 செப்டெம்பர் 14.