மோட்டார் வர்ணம் அடித்த கிட்டார்

ச ரி க ம கூட ஒழுங்காக வராத நான், நாற்பத்திரண்டாவது வயதில், வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் படித்துவிட்டுப் பலாப்பலகையில் மின்சார கிட்டார் செதுக்கினேன். ரேடியோப் பெட்டியில் இணைத்தால் முழங்குமாம். ஸ்ரீரங்கத்தில் அதன் துடுப்பு வடிவத்தைப் பார்த்தவர்கள், "புளியோதரை கிளறவா, ஸ்வாமி?" என்றார்கள். பளபளப்பு ஏறினால் வாயை மூடுவார்கள் என்று பாலக்கரையில் மோட்டார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கும் பாயிடம் கொண்டுபோனேன்.

மெலிந்த மனிதர். அன்றைக்கு அடித்த காரின் நிறம் தாடியில் ஒட்டியிருக்கும், அன்று பச்சை. எதையும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவித்தான் பார்ப்பார். என் மூன்று மாத உழைப்பையும் தடவினார்.

"லாரி இடிச்ச மட்கார்டு இதைவிட வழவழன்னு இருக்குங்க."

இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஐந்து பூச்சு அடித்தார். அதில் என் முகம் தெரிந்தது.

"பதினைஞ்சு நாள் காயட்டுங்க. மேலே எதுவும் அழுந்தக் கூடாது."

"ஞாயித்துக்கிழமை புத்தூர் கிளப்புல வாசிக்கணும் பாய். தொட்டா ஒட்டலையே?"

"மேலே காஞ்சிருக்கு, உள்ளே காயலைங்க. வாசிக்கக் கத்துக்க எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வருஷம் ஆகலாம்."

"அப்ப பெயிண்ட்டுக்கு மட்டும் என்னங்க அவசரம்?"

கிட்டாரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிறன்று மார்போடு அணைத்து வாசித்தேன். முடித்து எழுந்து, இரண்டு கைகளையும் கூப்பினேன். கிட்டார் கீழே விழவில்லை. ஜிப்பாவோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. கைதட்டல் அப்போதுதான் வந்தது.

மறுநாள் பாயிடம் போனேன். அவர் திட்டவில்லை. கிட்டாரின் முதுகுப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அது இரக்கமா, தொழில் ஆர்வமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"ஜிப்பா நல்ல துணிங்க," என்றார். "ஒரு இழை விடாம பதிஞ்சிருக்கு."