இரண்டு முறை கேட்ட முகவரி

மரண அறிவித்தல் போடும் இணையத்தளத்தில் வேலை என்றால், பிழை விட்டபின் மன்னிப்புக் கேட்கக்கூட நல்ல நாள் கிடைக்காது. கனடாவில், ஸ்காபரோவில் அப்படியொரு சின்னக் கந்தோரில் ஆறு வருடமாக எழுத்துப்பிழை பார்க்கிறேன். கணினியோடு மாரடிக்கும் உங்களுக்கு என் நிலை விளங்கும்.

போடாத அறிவித்தல்கள்

படம் இருக்கும் இணைப்பை வாடிக்கையாளர் தந்தால், எங்கள் சேர்வரே போய் எடுத்துவந்து காட்டும். இணைப்பில் உள்ள பெயரை, இணையத்தின் முகவரிப் புத்தகமான டி.என்.எஸ்ஸிடம் கேட்டால் முகவரி எண் வரும். அது வெளி எண் என்றால்தான் சேர்வர் போகும். எங்கள் கந்தோருக்குள் மட்டும் செல்லும் உள் எண்ணில், இன்னும் வெளியிடாத அறிவித்தல்கள் இருக்கும் கணினி இருக்கிறது.

எழுதி முடித்ததை ஏன் போடாமல் வைக்கிறோம் என்று, கோயம்புத்தூரிலிருந்து வந்து எங்களுக்கு நிரல் எழுதும் காவ்யா கேட்டார். அன்றைக்கே அறிவித்தல் தந்த ஒரு அன்ரி தொலைபேசியில் அவருக்குப் பதில் சொன்னார்: "ஊரில அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை, பிள்ளை. ஆள் போய்ப் பக்குவமாச் சொன்னாப் பிறகு போடுங்கோ."

ஒன்பது படம், பதினெட்டுக் கேள்வி

சேர்வரின் பதிவுகளை எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். யாரும் கேட்டுச் செய்வதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பது படங்களுக்குப் பதினெட்டு முறை முகவரி கேட்கப்பட்டிருந்தது. சோதிக்க ஒன்று, எடுக்கப் போகும்போது ஒன்று. எட்டுப் படங்களுக்கு இரண்டு பதிலும் ஒன்றே. ஒன்பதாவதற்கு முதல் பதில் வெளி எண். இரண்டாவது, எங்கள் உள் எண்.

தாளில் எழுதிக்கொண்டு காவ்யாவின் மேசையருகே நின்றேன். அவர் இணையவழிக் கூட்டமொன்றில் இருந்தார். ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை விலக்கினார். "அங்கிள், பேரு ஒண்ணுதானே? செக் பாஸ் ஆயிருக்கு. டென்ஷன் ஆகாதீங்க."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை

இங்கே வெக்ஸ்போர்ட் பக்கம் இருக்கும் செல்வம் என்ற வாடிக்கையாளரின் தம்பி விபத்தில் போய்விட்டார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாயாரிடம் மாமா போய்ச் சொல்லும்வரை அறிவித்தலைப் போட வேண்டாம் என்று செல்வம் குறிப்பு எழுதியிருந்தார். மாமா போகுமுன்னே வேறொரு தளத்தில் அது வந்துவிட்டது, அந்தக் குறிப்போடு சேர்த்து. செவ்வாயன்று நான் கண்டதுபோலவே, அந்தத் தளத்துக்காரர் பட இணைப்பென்று தந்த பெயர் சோதனைக்கு ஒரு எண்ணைக் காட்டி, எடுக்கப் போகையில் எங்கள் எண்ணைக் காட்டியிருக்கிறது. படத்துக்குப் பதிலாக எங்கள் சேர்வர் உள்ளே இருந்த பக்கத்தைக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்திருக்கிறது.

செல்வம் நேரில் வந்தார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன், பிடித்திருக்கலாம். "பக்கத்து வீட்டுக்காரி போனில காட்டினவவாம், அங்கிள். அம்மா எனக்குப் போன் எடுத்து ஒண்டுதான் கேட்டவ: 'ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டுத்தானோ எனக்கு?'"

நாலு வரி

திருத்தம் நாலு வரிதான். முகவரியை ஒரு தடவை கேள், வந்த எண்ணைச் சோதி, அந்த எண்ணுக்கே போ, திரும்பக் கேளாதே. எழுதி முடித்துவிட்டுக் காவ்யா என் மடித்த தாளை வாங்கி விரித்து நெடுநேரம் பார்த்தார். "அன்னிக்கே என் ஹெட்போனப் புடுங்கி எறிஞ்சிருக்கணும் அங்கிள் நீங்க."

டி.என்.எஸ்ஸிடம் இரண்டு முறை கேட்டது சேர்வரின் பிழை. காவ்யாவிடம் ஒரு முறை மட்டும் சொன்னது என்னுடையது.