முன் இருக்கையில் தண்ணீர் கேன்கள்

என் அக்கா பஸ் டிப்போவில் ஓட்டுநர்களுக்கு டியூட்டி போடுகிறவள். அதே கெட்டிக்காரத்தனத்தோடுதான் எங்கள் கரைக்கு எதிரே இருக்கும் பெரிய தீவைக் கயாக்கில் சுற்றிவரத் திட்டம் போட்டாள். எந்தக் கரையில் இறங்குவது, எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும், எந்த முனையை நீரோட்டம் திரும்புவதற்குள் தாண்டுவது, எல்லாம் அவள் கணக்கு. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், துடுப்புப் போடுவதோடு சரி. இருவர் உட்காரும் படகு. முன்னால் அக்கா, பின்னால் அவர். பல வருடக் கனவு. ஒருவழியாக இருவருக்கும் ஒரே சமயத்தில் நீண்ட விடுப்பு கிடைத்தது.

அப்போது பார்த்து அக்காவின் தோளில் சவ்வு கிழிந்தது. பரணிலிருந்து பெட்டியை இறக்கப்போய் வந்த வினை. "இந்த வருஷம் துடுப்பத் தொடவே கூடாது," என்றார் டாக்டர். வாதாடிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"பரவால்லங்க, நீங்க போயிட்டு வாங்க," என்று மாமாவிடம் சொன்னாள். அதை யாராவது நம்புவார்களா? நீ இல்லாமல் நான் எப்படிப் போவேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குப் போதும். அந்த மனுஷன் நம்பிவிட்டார்.

தனியாக ஓட்டிப் பார்த்தார். முன்பக்கம் காலியானதால் படகின் மூக்கு தூக்கிக்கொண்டு, காற்று தள்ளிய பக்கமெல்லாம் போனது. தொப்பலாக நனைந்து திரும்பினார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அடுத்த வாரமே அக்காவின் எடைக்குத் தண்ணீர் கேன்களை அவள் இருக்கையில் அடுக்கிக் கட்டினார். படகு சொன்ன பேச்சைக் கேட்டது.

"குடிக்கவும் ஆச்சு, பாரத்துக்கும் ஆச்சு," என்று கரையில் நின்று பெருமையடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட கையோடு அக்கா கேன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் போடுகிற முகம். அவள் வாயைத் திறக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"குடிக்கக் குடிக்க கேன் காலியாகும்ல? பாதி வழில மறுபடி மூக்கு தூக்கும்," என்றாள்.

மாமாவின் முகம் விழுந்தது. "ஆமால்ல. தீவுக்குப் பின்பக்கம் பூரா பாறை, தண்ணி புடிக்க வழியில்ல. அப்ப இது ஆகாது போலிருக்கே."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு திட்டம் கண்ணெதிரே ஓட்டையோடு நிற்பதை அவளால் பொறுக்க முடியாது.

"காலியாக ஆக அதுலயே கடல் தண்ணிய நிரப்பிக்கோங்க. நல்ல தண்ணியோட மாறிடாம, மூடியில சிவப்புத் துணி கட்டிடுங்க."

மாமா அசந்துபோனார். "நீ மட்டும் இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்?"

மனசாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்கா குனிந்து, கேன்கள் அசையாமலிருக்க அவற்றைக் கட்டியிருந்த வாரை ஒற்றைக் கையால் இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். என்னால் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.