நான் நேராக்கிய மந்திரி

என் எழுதுமேசையின் வலது மூலையில், மைக்கூட்டுக்குப் பக்கத்தில், சதுரங்கக் காய் ஒன்று தலைகீழாக நிற்கிறது. சீமைக்காரர்கள் ராணி என்று சொல்லும் காய் அது. எங்கள் வீட்டில் மந்திரி என்போம். உச்சியில் கிரீடமாக இருக்க வேண்டிய முடி தேய்ந்து தட்டையாக இருக்கிறது. அப்படி இருப்பதால்தான் அதனால் தலையில் நிற்க முடிகிறது. காலையில் மேசையைத் துடைக்கும் என் மனைவி அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகிறாள். கோர்ட்டுக்குக் கிளம்புமுன் நான் அதை மறுபடி கவிழ்த்து வைக்கிறேன். ஏன் என்று ஒருமுறை கேட்டாள். "அது அப்படித்தான் நிக்கணும்" என்றேன். சொல்லாமல் விட்ட மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அந்த முடியைத் தேய்த்தவர் என் மதினி, அண்ணனின் மனைவி. இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தைய ஆண்டுகளில் நாங்கள் எல்லோரும் கோரிப்பாளையத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணன் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டார். நான் தினமும் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, பழைய அரண்மனையான மகாலில் நடக்கும் கோர்ட்டுக்கு நகல் எழுதப் போவேன். இப்போதும் போகிறேன். மதினி வாடிப்பட்டிக்காரர். அவருடைய தகப்பனாருக்குச் சதுரங்கப் பித்து. ஆட ஆள் கிடைக்காத நாட்களில் மகளைப் பலகைக்கு எதிரே உட்காரவைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் அவரோடு ஆட யாருமில்லை. அண்ணன் இரண்டு முறை உட்கார்ந்து இரண்டு முறையும் தோற்று, "இது பொம்பளைக ஆட்டம்" என்று எழுந்துவிட்டார். எனக்கு ஆட்டமே தெரியாது. காய்களின் உருவம் மட்டும் தெரியும்.

அண்ணனின் துரைக்குச் சீமையிலிருந்து ஒரு சதுரங்கப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அவர் படித்துக் கழித்த இதழ்களை அண்ணன் அடுக்களை அலமாரித் தட்டுகளில் விரிப்பதற்காகக் கட்டிக் கொண்டுவருவார். விரிக்க எடுத்த மதினி விரிக்காமல் நின்றதை நான் பார்த்தேன். ஒரு கட்டம் போட்ட படத்தில் விரலை வைத்துக்கொண்டு, அடுப்பில் குழம்பு பொங்குவதைக் கவனிக்காமல் நின்றார். அதன்பிறகு தட்டுகளில் பழைய தமிழ்ப் பத்திரிகைதான் விரிக்கப்பட்டது. மாலையில் நான் வந்ததும் காப்பியோடு ஓர் இதழும் வரும். நான் ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொல்வேன். நான் எழுத்தைப் பார்ப்பேன், அவர் படத்தைப் பார்ப்பார். இதை அப்போது நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

அவருக்குப் பிடித்தது கடைசிப் பக்கங்களில் வரும் ஒரு தனிப் பகுதி. வழக்கமான ஆட்டம் இல்லை அது. ஆட்டத்தில் இல்லாத காய்களையும் இல்லாத விதிகளையும் கற்பித்துக்கொண்டு அமைத்த புதிர்கள். தேவதைச் சதுரங்கம் என்று சொல்லியிருக்க வேண்டும்; நான் அவசரத்தில் மோகினிச் சதுரங்கம் என்று மொழிபெயர்த்துவிட்டேன். "மோகினியா? அப்ப வேப்பெலையப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் ஆடணும்" என்றார் மதினி. வெள்ளையும் கறுப்பும் கூடிப் பேசி, கறுப்பு ராஜாவை மாட்டவைக்கும் ஒரு வகை உண்டு. "ரெண்டு பேரு சேந்து ஒருத்தர மாட்டிவிடுறதா? அது நம்ம வீட்ல தெனமும் நடக்குறதுதான தம்பி." பலகையின் இடது ஓரத்தை வலது ஓரத்தோடு பாயைப்போலச் சுருட்டி ஒட்டிவிட்டதாக நினைத்து ஆடும் வகையும் உண்டு. அதைக் கேட்டதும் நிஜமாகவே ஒரு பாயில் கரிக்கட்டியால் கட்டம் போட்டுச் சுருட்டிப் பார்த்தார். அண்ணன் அன்று வெறுந்தரையில் படுத்தார்.

அவரைப் பிடித்துக்கொண்டது வெட்டுக்கிளி என்ற காய். அது மந்திரியைப் போல எட்டுத் திசையிலும் போகும். ஆனால் வழியில் வேறொரு காய் நின்றாக வேண்டும். அதைத் தாண்டி, அதற்கடுத்த கட்டத்தில் குதிக்கும். தாண்ட யாருமில்லாவிட்டால் இருந்த இடத்திலேயே கிடக்கும். நான் இதைப் படித்துச் சொன்னபோது மதினி படத்திலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "நானும் அப்புடித்தான தம்பி. நீங்க நடுவுல நிக்கிறதுனாலதான் சீமை வரைக்கும் தாவுறேன்" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். டைரியிலும் எழுதிவைத்திருக்கிறேன்.

எட்டு மாதம் எடுத்துக்கொண்டு அவர் சொந்தமாக ஒரு புதிர் கட்டினார். புதிரை அமைப்பதை அவர் கட்டுவது என்றுதான் சொல்வார். பலகையில் வெட்டுக்கிளிக்குப் பதில் ஒரு புளியங்கொட்டை. வெள்ளை முதலில் நகர்ந்து, கறுப்பு என்ன செய்தாலும் இரண்டாவது நகர்த்தலில் ராஜாவை மாட்ட வேண்டும். அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்க வேண்டும். இன்னொரு வழி இருந்துவிட்டால் புதிர் செத்துப்போகும். அரிசி களையும்போதும் துணி பிழியும்போதும் அவர் உதடு அசைந்துகொண்டிருக்கும். ஆவணியில் ஒரு நாள் பென்சிலால் வரைந்த தாளை என்னிடம் கொடுத்தார். "நல்ல கையெழுத்துல எழுதி அனுப்புங்க தம்பி. இத்தன நகத்தல்ல மாட்டணும்னு மட்டும் எழுதுனாப் போதும். படத்தப் பாத்தா அவுகளுக்கே வெளங்கும்."

வெட்டுக்கிளியை அந்தப் பத்திரிகை தலைகீழான மந்திரியாகத்தான் அச்சிடும். மதினி அதை அப்படியே வரைந்திருந்தார். படங்களைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் படித்து வந்த எனக்கு அது தெரியாது. அன்றைய டைரிக் குறிப்பு இது: "மதினியின் படத்தைச் சுத்தமாக எழுதி முடித்தேன். ஒரு மந்திரி தலைகீழாக வரையப்பட்டிருந்தது. நேராக்கினேன். தபாலில் சேர்த்தேன்."

இந்த நான்கு வாக்கியங்களை எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது. நகல் எழுதுபவனுக்கு முதல் நாளே சொல்லித்தரப்படும் விதி ஒன்று உண்டு: மூலத்தில் பிழை இருந்தாலும் பிழையோடு எழுது. ஒரு வக்கீல் கட்சிக்காரரின் பெயரை மூன்று விதமாக எழுதியிருந்தால் நானும் மூன்று விதமாகவே எழுதுவேன். இத்தனை ஆண்டில் அந்த விதியை நான் கோர்ட்டில் மீறியதில்லை. வீட்டில் மீறினேன். அடுப்பங்கரையில் இருக்கும் ஒரு பெண் பென்சிலால் வரைந்தது, ஆகவே அது தவறு என்று என் கை முடிவு செய்துவிட்டது. மதினியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் பத்தடி தூரத்தில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

நாலரை மாதம் கழித்துப் பதில் வந்தது. என் பெயருக்குத்தான் வந்தது. உறையைக் கூடத்தில் வைத்துப் பிரித்தேன். மதினி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். அண்ணன், "என்னடா எழுதிருக்கான்? படி" என்றார். துண்டுச் சீட்டில் இருந்ததை யோசிக்காமல் உரக்க மொழிபெயர்த்தேன். புதிர் ஒரே நகர்த்தலில் முடிந்துவிடுகிறது. இதை அமைத்த கனவான் முதலில் ஆட்டத்தைக் கற்றுக்கொள்வது நலம்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "கனவானாம்ல! ஏ கனவானே, சீமைக்காரனே சொல்லிட்டான், போயி ரசத்தக் கவனி." மதினியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுக்களைக்குப் போனார். அன்று ரசத்தில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டோம்.

ராத்திரி தனியாக உறையை மறுபடி பார்த்தபோது, நான் அனுப்பிய படமும் உள்ளே திரும்பி வந்திருந்தது. அதில் சிவப்பு மையால் ஓர் அம்பு, நான் நேராக்கிய மந்திரியிலிருந்து கறுப்பு ராஜாவின் பக்கம் வரை. நான் எதையும் எறிபவன் இல்லை. மதினியின் பென்சில் தாள் என் கோப்பில் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன், கோர்ட்டில் செய்வதைப் போலவே. பிறகு பழைய இதழ்களை எடுத்து, முதல்முறையாகப் படங்களைப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் தலைகீழ் மந்திரிகள் நின்றன.

மறுநாள் காலையில் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன். காப்பியைக் கொண்டுவந்து வைத்த மதினி, நான் வாயைத் திறக்குமுன் பேசினார். "ராத்திரி பூரா யோசிச்சேன் தம்பி. நீங்க எழுதுனா தப்பு இருக்காது. தப்பு என்னோடதுதான். எங்கனன்னுதான் தெரியல." என் பெயர் அந்த வீட்டில் அப்படி இருந்தது. பிழை செய்யாதவன் என்ற பெயர். அண்ணனின் சிரிப்பு என் பக்கம் திரும்புவதையும் நினைத்துப் பார்த்தேன். காப்பியைக் குடித்தேன். என் கை தவறியது ஆவணியில். குற்றம் நடந்தது, சொல்லாமல் குடித்த அந்தக் காப்பியில்.

அதன்பின் மதினி இல்லாத பிழையைத் தேடத் தொடங்கினார். புளியங்கொட்டையை வைத்துப் பார்த்ததில் கண் ஏமாந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம் அவருக்கு. பத்திரிகைப் படத்தில் உள்ளது போலவே இருந்தால் தவறு புலப்படும் என்று, தன் அப்பா வீட்டுப் பழைய காய்களிலிருந்து ஒரு மந்திரியை எடுத்து, அதன் முடியை அம்மியில் தேய்த்தார். மூன்று நாள் தேய்த்தார். "மந்திரிக்கு மொட்டையா? எந்தக் கோயிலுக்கு நேந்துக்கிட்ட?" என்றார் அண்ணன். "தப்பு கெடச்சாப் பழநிக்கு" என்றார் மதினி. அம்மிக்கு நேர் எதிரே அமர்ந்து நான் டைரி எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாள் குறிப்பிலும் வெயில் எப்படி இருந்தது என்று எழுதியிருக்கிறேன். மந்திரியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பிழை கிடைக்கவில்லை. "எந்த நகத்தல்ல முடியுதுன்னு மட்டும் கேட்டு ஒரு காகிதம் போடுங்க தம்பி. அது தெரிஞ்சாத்தான் அடுத்தது கட்ட முடியும்" என்றார். எழுதுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன், தபாலில் சேர்க்கவில்லை. சேர்த்துவிட்டதாகச் சொன்னேன். வாரம் ஒருமுறை கேட்பார். பிறகு மாதம் ஒருமுறை. சண்டை வந்ததும் அவரே எனக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தார்: "கப்பல் எங்கிட்டு வரும், பாவம். முடியட்டும்." பலகை மச்சுக்கு ஏறியது. சண்டைக்கு நடுவில் அண்ணன் வேலையை விட்டுவிட்டு, மதினியின் நிலத்தைப் பார்க்க வாடிப்பட்டிக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்.

நான் அதற்குப் பிறகுதான் ஆட்டம் கற்றேன். ஒரு வருடம், நகர்த்தல் நகர்த்தலாக, அந்தப் புதிரை எல்லா வழியிலும் சோதித்தேன். ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியில் வெட்டுக்கிளி, வெள்ளை ராஜாவையே தாண்டிக் குதிக்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் காய்களைத் திரும்ப அடுக்கி இன்னொரு முறை ஆடிப் பார்த்தேன். அது அவ்வளவு அழகாக இருந்தது.

சண்டை முடிந்த பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டிக்குப் போனேன். மதினிக்குக் கண்ணில் புரை முற்றியிருந்தது. ஆள் வருவது தெரியும்; வெள்ளையையும் கறுப்பையும் பிரித்துப் பார்க்க முடியாது. என் குரலைக் கேட்டதும், "வாங்க தம்பி. சண்டதான் முடிஞ்சிருச்சே, சீமையிலருந்து ஏதும் வந்துச்சா?" என்றார். நான் பென்சில் தாள், திரும்பி வந்த நகல், துண்டுச் சீட்டு மூன்றையும் டைரியையும் கொண்டுபோயிருந்தேன். காட்டிவிட்டு நிற்கலாம் என்று நினைத்திருந்தேன். அவருக்குப் பார்வை இல்லாததால் வாயால் படிக்க வேண்டியிருந்தது. நேராக்கினேன் என்ற சொல்லை முதலில் முணுமுணுத்துவிட்டேன். மறுபடி படித்தேன்.

"அப்ப நான் கட்டுனதுல தப்பு இல்லையா?"

"இல்ல மதினி."

"ஒரு எடத்துலகூடவா?"

"ஒரு எடத்துலகூட இல்ல."

அவர் முற்றத்தைப் பார்த்துக் கத்தினார். "இங்க வாங்களேன்! கேட்டீகளா, நான் கட்டுனது சரிதானாம்!" மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அண்ணன், "எத?" என்று கேட்டார். அவருக்கு நினைவில்லை.

"இன்னைக்கே அனுப்புவோம் மதினி. தலைகீழா வரைஞ்சு, பக்கத்துல வெளக்கமும் எழுதி" என்றேன். மதினி என்னைத் திட்டவில்லை. கோபமாகக்கூடப் பேசவில்லை. "அனுப்புங்க, வேணாங்கல. அது ஒன்னு கெடக்கு. அதுக்குப் பெறகு நான் கட்டாம விட்டதெல்லாம் எங்கிட்டுப் போயி எடுக்க?" என்றார்.

அனுப்பினேன். இம்முறை உண்மையாகவே அனுப்பினேன். பத்திரிகைக்கு இப்போது வேறோர் ஆசிரியர், வேறு அளவுத் தாள். ஆனாலும் அச்சில் வந்தது. இதழை எடுத்துக்கொண்டு போய் மதினியின் மடியில் விரித்தேன். அவர் பக்கத்தை விரலால் தடவினார். அச்சில் எந்தக் காயும் விரலில் தட்டுப்படாது. "தலைகீழாத்தான போட்டிருக்காக?" என்று கேட்டார். "தலைகீழாத்தான் மதினி" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு உள்ளே திரும்பி, மகனைக் கட்டிய மருமகளைக் கூப்பிட்டார். "நீ வந்து பாத்துச் சொல்லுத்தா, தலைகீழா இருக்கான்னு."

அந்தப் பெண் வந்து, குனிந்து பார்த்து, "ஆமாத்தே" என்றாள். அதன்பிறகுதான் மதினியின் முகம் மலர்ந்தது. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது அவர் தகர டப்பாவில் கைவிட்டுத் துழாவி, தட்டைத் தலையைத் தொட்டறிந்து, இந்தக் காயை எடுத்தார். "எனக்கு இனி எதுக்கு? நீங்க வச்சுக்கங்க தம்பி" என்று என் கையில் வைத்து மூடினார். "நேரா வச்சுறாதீக" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

மேசையைத் துடைக்கும் என் மனைவியிடம் நான் ஏன் கோபிக்க முடியாது என்பது இப்போது விளங்கும். கவிழ்ந்து கிடக்கும் ஒன்றை நல்லெண்ணத்தோடு நிமிர்த்துகிறாள். எனக்கும் அன்று கெட்ட எண்ணம் இருக்கவில்லை. ஆனால் அவள் குறைந்தது ஒருமுறை என்னைக் கேட்டாள். நான் கேட்கவே இல்லை. இந்தத் தாள்களை இன்று அவளிடம் படிக்கக் கொடுக்கிறேன். டைரியில் இன்றைய குறிப்பை முன்பே எழுதிவிட்டேன்: "மந்திரி நேராக இருந்தது. கவிழ்த்து வைத்தேன்."