பெடலில் எரிந்த சிவப்பு விளக்கு

இது நடந்தது. நம்பச் சொல்லிக் கெஞ்ச எனக்குத் தெம்பில்லை. கூடவே கலீலுல்லா பாய் இருந்தார். அவரும் பார்த்தார்.

என் தம்பி மரிய அருண் கோயிலில் கிட்டார் வாசித்தவன். விழுப்புரம் ரோட்டில், முதுகில் கிட்டாரோடு, பைக் விபத்தில் போய்விட்டான். நான் சொல்லப்போகும் நாளுக்கு மறுநாள் அவனுடைய முப்பதாம் நாள் பூசை. அவன் கடைசியாக வாசித்த மெட்டு அவனுடைய லூப்பர் பெடலில் இருந்தது. காலால் ஒருமுறை அழுத்தினால் கிட்டாரில் வாசிப்பது பதியும். மறுமுறை அழுத்தினால் அதையே திரும்பத் திரும்ப வாசிக்கும். பச்சை விளக்கு எரிந்தது; உள்ளே பதிவு இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அழுத்தினால் சத்தமே இல்லை. பூசைக்கு முன் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்றாள் அம்மா.

ஆம்ப், மைக்செட் ரிப்பேர் செய்யும் பாயின் கடை முதலியார்பேட்டையில். நான் போனபோது மத்தியானம் 2:50.

"என்னா அருளு, மூஞ்சி கருகின அடாப்டராட்டம் இருக்குது? தூங்கறதே இல்லியா?"

"பதிவு அழியக்கூடாது பாய். ரெண்டு செகண்டு அழுத்திப் பிடிச்சா போயிடும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

3:05. அடாப்டரை மாற்றினார். இல்லை. 3:15. ஒயரை மாற்றினார். இல்லை. 3:30. அடிமூடியைக் கழற்றினார். உப்புக் காற்றில் ஸ்விட்ச் துருப்பிடித்திருந்தது. அதைப் பிடுங்கி மேசையில் போட்டார். பிறகு, எந்த ரிப்பேர்காரரும் செய்வதுபோல, ஸ்விட்ச் இருந்த இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

ஒன்று... இரண்டு...

பச்சை அணைந்தது.

முனைகளைச் சேர்த்துப் பிடிப்பதும் ஸ்விட்சை அழுத்திப் பிடிப்பதும் ஒன்றுதான்.

"யா அல்லா... அழிச்சிட்டேன்டா அருளு."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அத்தனை அசதி.

3:41. சிவப்பு விளக்கு எரிந்தது.

சிவப்பு என்றால், பதிகிறது. ஸ்விட்ச் மேசையில் கிடந்தது. கிட்டாரில் செருகும் ஒயரின் மறுமுனை தரையில். கிட்டார் வீட்டில்.

"நான் தொடல..." பாய் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

பதினோரு செகண்டு. பிறகு பச்சை.

பெடலோடு இணைத்திருந்த கடை ஆம்பில்...

டக். டக்.

அருண் தொடங்குமுன் கிட்டார் கட்டையில் இரண்டு தட்டு தட்டுவான்.

பிறகு அந்த மெட்டு. அதற்குப் பின்னால், தூரத்தில், குக்கர் விசில். அம்மா குரல்.

"அருளு... வந்துட்டியாடா?"

டக். டக். மெட்டு. விசில்.

"அருளு... வந்துட்டியாடா?"

பாய் பிளக்கைப் பிடுங்கினார்.

"பழசு எதுவோ மிச்சம் இருந்திருக்கும்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

5:10. ரெட்டியார்பாளையம், எங்கள் வீடு. செபமாலைக்கு வருகிறவர்களுக்காக அம்மா சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் வந்தவன் சாப்பிட்டுட்டுப் போகக்கூடாதா? அடுப்படியிலேர்ந்து கூப்பிட்டேன், பதிலே இல்ல." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அப்படியே தம்பியாட்டம் வாசிச்சியேடா. எப்ப கத்துக்கிட்ட?"

எனக்கு வாசிக்கத் தெரியாது.

அருணின் அறைக்குப் போனேன். கிட்டார் சுவரில் மாட்டியபடியே இருந்தது.

அதில் ஒரு கம்பிகூட இல்லை. விபத்தில் அறுந்துபோன ஆறையும் நான்தான் கழற்றிப் போட்டிருந்தேன்.

பெடலை அம்மாவுக்குப் போட்டுக் காட்டவில்லை.

அவள்தான் கேட்டுவிட்டாளே.