சாமி வாயில் ரத்தம்

என் வீட்டுக்காரர் மீன்பிடிக்கிறவர். அறுந்த வலையைச் சேர்த்துக் கட்டினால் முடிச்சைப் பல்லால் கடித்து இழுப்பார். நண்டு ஓட்டையும் பல்லாலேயே உடைப்பார். மீதி நேரத்தில் அந்தப் பல்லுக்கு நடுவே பீடி இருக்கும்.

போன கார்த்திகையில் முதல்முறையாக ஐயப்பனுக்கு மாலை போட்டார். பீடி கூடாது என்பதால் இருந்த பீடிக்கட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். மாலை கழற்றுகிற அன்றைக்கு நமுத்துப்போகாமல் இருக்க வேண்டுமாம். அதுவரை ஊரே அவரைச் சாமி என்றது, நானும்தான். "இன்னாமே" என்று என்னைக் கூப்பிடுகிற வாய் "அம்மா" என்றது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாள் போயிருக்கும். விடியற்காலையில் பல் விளக்கித் துப்பினார், ரத்தம். மறுநாளும் ரத்தம். கீழ்வரிசை முன்பல்லை விரலால் தொட்டால் ஆடியது. எத்தனையோ காற்றுமழையைக் கடலில் பார்த்தவர், குழாயடியில் நின்று நடுங்கினார்.

"அம்மா, வூட்ல எதுனா தீட்டு கலந்துச்சா?"

ரத்தம் அவர் வாயில், விசாரணை எனக்கு. நான் மாமல்லபுரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். தினமும் விற்று முடித்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, புதுப் பாத்திரத்தில்தான் சமைத்தேன். வீட்டுக்குள் ஒரு செதில்கூட வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, சாமி என்றும் பார்க்காமல் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அதற்குள் அவரை மலைக்குக் கூட்டிப்போகும் குருசாமி வந்து அடுப்பங்கரையை மோந்து பார்த்தார். கருவாட்டுப் பானையை எப்போதோ பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். "பானை போயிட்ச்சி, வாசன கீதே," என்றார் அவர். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். "பல்லு பூட்ச்சின்னா நண்டு எப்டி துன்றது?" என்றார். எனக்குப் பாவமாகிவிட்டது. கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக அவரை பஸ் ஏற்றி, செங்கல்பட்டில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

"பீடி பிடிப்பீங்களா சாமி?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"மாலைக்கு மின்னாடி. புடிச்ச வரிக்கும் ஒரு சொட்டு ரத்தம் வர்ல டாக்டரம்மா. வுட்டப்பறம்தான் இந்த பேஜாரு."

முகமூடிக்குள் அவர் சிரித்தது கண்ணில் தெரிந்தது. "ஈறு கெட்டு ரொம்ப நாளாச்சு சாமி. பீடிப் புகை ஈறுக்குப் போற ரத்தத்தைக் குறைச்சு, நோயை வெளிய காட்டாம வெச்சிருந்தது. இப்ப விட்டதும் ரத்தம் திரும்ப ஓடுது, நோய் தெரியுது. நல்லவேளை இப்பவாவது தெரிஞ்சுது."

"அப்ப சாமி குத்தம் இல்லியா?"

"பல்லுல இவ்ளோ கறையும் காரையும் வெச்சுக்கிட்டு சாமி மேல ஏன் பழி போடுறீங்க? சுத்தம் பண்றேன். ஆனா மாலை கழட்டின பிறகும் பீடி கூடாது. மறுபடி பிடிச்சா ரத்தம் வேணும்னா நிக்கும், பல்லு நிக்காது."

பஸ்ஸில் திரும்பும்போது அவர் நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டே வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இறங்கியதும் நேராகக் குருசாமி வீட்டுக்குப் போய், டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

டாக்டரம்மா இன்னும் இரண்டு தடவை வரச்சொல்லிச் சுத்தம் செய்தார். ரத்தம் மெல்ல நின்றது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினார். அன்றைக்கு நண்டுக் குழம்பு வைத்தேன். ஓட்டை நானே உடைத்துக் கொடுக்க, முன்பல்லைத் தொந்தரவு செய்யாமல் கடைவாயில் மென்று தின்றார். கையைக் கழுவினார். கை தானாகப் பரண் பக்கம் போனது.

"சாமி," என்றேன்.

போன கை அப்படியே நின்றது. அந்தப் பேரைக் கேட்டால் பீடியைத் தொட அவருக்குக் கூச்சம். மாலை இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"அதான் மாலய கழட்டியாச்சே. இன்னும் எத்தினி நாளிக்கிமே சாமி?"

"பல்லு கீற வரிக்கும் சாமி."